ஸ்டேஷனில் அடி வாங்கிய தம்பிக்கு இழப்பீடு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஏழு மாதம் முன்பு என் சித்தப்பா மகனைத் திருட்டு வழக்கு விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு இரவு வைத்திருந்து விட்டுவிட்டார்கள். எப்.ஐ.ஆர். இல்லை, கைது குறிப்பாணையும் இல்லை. உள்ளங்காலில் லத்தி அடி. இன்னும் வலது காலைச் சாய்த்துத்தான் வைக்கிறான். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் இருப்பதோ "கீழே விழுந்தது". கூட வந்த ஏட்டு சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்கள்!

நீலபதி பெஹரா வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், காவலில் மகனை இழந்த தாய்க்கு ஒரிசா அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மைப் பாதுகாப்பு, அதாவது அரசின் செயலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது என்ற விலக்கு, உண்டு என்று அரசு ஒதுங்க முடியாது என்பதும் அதில் உண்டு. சரி, அது மரணம். உயிரோடு திரும்பியவனுக்கு?

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். மிச்சம் ஐந்து மாதம். முதலில் அங்கேயா, நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவா (உரிமை மீறலுக்கு நேரடியாக அங்கே போடும் மனு)? அப்புறம், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி யாருக்கு எழுதுவது? மதுரைப் பக்கம் இப்படி வழக்கு நடத்திய வக்கீல் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தம்பி பெயரைப் பொதுவில் கேட்க வேண்டாம், பயந்துபோய் இருக்கிறான்.