மறுமொழி: ஆண்டுத்தொகையா, சீவியத்தொகையா?

வணக்கம் ஐயா,

ஆங்கில 'annuity'க்கு அகராதியில் உள்ள 'ஆண்டுத்தொகை'யையே வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பணம் பெரும்பாலும் மாதாமாதம் வருவது. ஆள் உயிரோடு இருக்கும்வரைதான் வரும் என்ற முக்கியமான செய்தியும் சொல்லில் இல்லை. 'ஓய்வூதியம்' வேலை பார்த்த இடம் தருவது. இதுவோ கையிலுள்ள காசை மொத்தமாகக் காப்புறுதிக் கம்பனியிடம் கொடுத்து வாங்குவது. நம் இலங்கையில் வேலை செய்யும் காலத்தில் சேரும் ஊழியர் சேமலாப நிதி பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் மொத்தமாகவே கைக்கு வந்துவிடுவதால், இதற்கு ஒரு பெயர் தேடும் அவசரம் நமக்கு வரவில்லை போலும்.

என் முன்மொழிவு சீவியத்தொகை. யாழ்ப்பாணத்தில் மகளுக்கு வீட்டை எழுதும்போது, பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவது வழக்கம். சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம், வாடகை எடுக்கலாம். கண் மூடியதும் அந்த உரித்தும் முடிந்துவிடும், பிள்ளைகளுக்கு இறங்காது. காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் ஒருமுறை போய்வந்த எந்த ஆச்சிக்கும் இது தெரியும். 'சீவனத்தொகை' என்றால் சீவனாம்சம் நினைவுக்கு வரும், அதனால் அது வேண்டாம்.

இந்தச் சொல் எனக்குத் தோன்றியதே கனடாவிலிருக்கும் சித்தியுடன் பேசும்போதுதான். சித்தப்பாவுக்கும் அவருக்கும் ஒரே வயது, போடப்போவதும் ஒரே தொகை. ஆனால் சித்திக்கு மாதம் வரப்போவது குறைவு. "பொம்பிளை எண்டால் குறைவோ?" என்று கோபமாகக் கேட்டார். ஆண்டுத்தொகை, ஆயுள் அட்டவணை என்று நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. சீவிய உரித்தைச் சொன்னதும், "அப்ப என்ர சீவியம் நீளம் எண்டு கணக்குப் போட்டிருக்கினம்" என்றார். கணக்கு அதுதான். வட்டியை விட்டுவிட்டு ஒரு பேச்சுக்குப் பார்த்தால், 24 இலட்சத்தைச் சித்தப்பாவின் 16 ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 12,500. அதையே சித்தியின் 20 ஆண்டுக்குப் பிரித்தால் 10,000.

அப்புறம், 'ஆயுள் எதிர்பார்ப்பு' என்பதை இங்கே அப்படியே போட்டால் பிழையாகிவிடும். அது பெரும்பாலும் பிறப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணைக் குறிக்கிறது. சீவியத்தொகைக்கு வேண்டியது, 60 வயதைத் தாண்டி வந்தவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்பது. இளம் வயதிலேயே இறந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லாததால், ஆண் பெண் இடைவெளியும் அதில் சுருங்கிவிடும். 'எஞ்சாயுள்' என்று எழுதினால் எஞ்சாத ஆயுள் என்று பொருள் புரண்டுவிடும். 'எஞ்சும் ஆயுள்' என்றே எழுதுவோம்.

பெண்ணுக்கு வேறு, ஆணுக்கு வேறு என்று கணக்கிடுவதைப் பால்வாரி வீதம் எனலாம். இருவருக்கும் ஒன்றானால் பால்பொது வீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 இல் அளித்த தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் அங்கே புதிய காப்புறுதி ஒப்பந்தங்களுக்குப் பால்பொது வீதம்தான். நீண்ட ஆயுள் ஒரு பெண்ணின் குற்றமல்ல, அதனால் எனக்கு இந்த வழிதான் நியாயமாகப் படுகிறது. ஆணுக்கு வரும் தொகை இதில் கொஞ்சம் குறையும் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதவேண்டும்.

கணவன், மனைவி இருவரில் கடைசியாக இருப்பவர் சாகும்வரை வருவது இணைச் சீவியத்தொகை. சரி, ஒரு சிக்கல் இருக்கிறது. வாங்கியவர் சீக்கிரம் இறந்தாலும் முதல் 10 ஆண்டுக்குப் பணம் உறுதி என்று ஒரு வகை உண்டு. அங்கே பணம் பிள்ளைகளுக்கு இறங்குகிறது, 'சீவிய' பொருந்தவில்லை. 'உறுதிக்கால' என்று முன்னொட்டுப் போட்டால் நம் ஊரில் காணி உறுதி, அதாவது காணிப் பத்திரம் என்று எடுத்துக்கொள்வார்கள். இதற்கு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.