சிரோசிஸ் முற்றியவருக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாமா?

வைகைக்கரை (கேள்வி):
என் மாமனாருக்குச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) முற்றி வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. சென்ற மாதம் நினைவும் தடுமாறியது. மருத்துவர் நினைவுத் தடுமாற்றத்துக்கு லாக்டுலோஸ், ரிஃபாக்ஸிமின் மருந்துகளும், வயிற்று நீருக்கு ஸ்பைரனோலாக்டோனும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுக்கும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். கொழுந்தனார் சிலிமரின் என்னும் மூலிகைச் சத்து மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். இவற்றால் பயன் உண்டா?

மருந்தாளுநர்:
சகோதரி, ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் என்பதால், அந்த நாட்களில் குடித்த கீழாநெல்லிக்கு நல்ல பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அந்தப் புகழை உலகறியச் செய்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில், கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலிக் குளிகை உண்ட 23 பேரில் ஒருவருக்கும் அக்கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்ததாக அது கூறியது. பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும், அது கிருமியைப் பற்றியதே தவிர, வயிற்று நீரையோ நினைவுத் தடுமாற்றத்தையோ பற்றியதன்று.

சிலிமரினைப் பொறுத்தவரை, 1989இல் வெளிவந்த வியன்னா ஆய்வு ஆயுள் கூடியதாகச் சொன்னது; மதுவால் சிரோசிஸ் வந்த 200 பேரிடம் ஸ்பெயினில் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. நச்சுக் காளான் உண்டவர்களுக்கு அதன் கூறான சிலிபினினை ஊசிவழி செலுத்துவது வேறு கதை.

ஓய்வுபெற்ற செவிலியர்:
பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று உறவினர்கள் சொல்லக்கூடும். ஆனால் கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் என்னும் மூலிகை உண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே நோயுற்ற ஈரல் அத்தகைய அடியைத் தாங்காது. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையாலும் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அரிட்டம் எனப்படும் ஆயுர்வேத நீர்ம மருந்துகளில் நொதிப்பால் உண்டாகும் மது இருக்கும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. சாறு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இளநீராவது கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம் அம்மா. ஸ்பைரனோலாக்டோன் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். இளநீரிலும் அது மிகுதி. லாக்டுலோஸ் கொடுத்தும் நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகவில்லை என்றாலோ, நினைவுத் தடுமாற்றத்தின் அடையாளமாகக் கையெழுத்து கோணலாகி, நீட்டிய கை படபடத்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.