வக்கீல் எட்சிங்: அங்கிக்குக் கறுப்பு ஏறவில்லை

கேள்வி (மைத்துணி):
வாதி பசுவின் கொம்பை இழுக்க, பிரதிவாதி வாலை இழுக்க, நடுவில் வக்கீல் உட்கார்ந்து பால் கறக்கும் பழைய ஐரோப்பியக் கேலிப்படத்தை என் பாணியில் செம்பில் எட்சிங் (தகட்டின் மெழுகுப் பூச்சில் கோடு கீறி, கரைசலால் அரித்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி அச்சிடுவது) செய்கிறேன். தகடு 20×25 செ.மீ., மொத்தம் 30 பிரதிகள். கோடுகள் நன்றாக விழுந்திருக்கின்றன. அங்கிக்கு மட்டும் அக்வாடிண்ட் (ரோசின் என்ற பிசின்பொடியைத் தூவி அரித்து, கோடில்லாமல் நிழல் வரவைப்பது). செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் 40 நிமிடம் வைத்தும் ஓரம்தான் கறுக்கிறது, நடுவில் வெளிறிய சாம்பல். இன்னும் கொஞ்ச நேரம் விடலாமா? பிரெஞ்சுக் கேலிப்பட ஓவியர் டோமியே படங்களில் இருக்கும் கறுப்பு வேண்டும்.

பதில் (செப்புத்தகடு):
விடவே கூடாது. ரோசின் புள்ளிகள் அடியில் அரிக்கப்பட்டு உதிர்ந்துவிட்டன. மையைப் பிடித்துவைக்க மேடு இல்லாததால் துடைக்கும்போது நடுவில் இருப்பதெல்லாம் போய்விடுகிறது, ஓரச் சுவரில் மட்டும் தங்குகிறது. தகடு வீணாகவில்லை. சுண்ணப்பொடியும் வினிகரும் கலந்து தேய்த்து எண்ணெய்ப்பசை போக்குங்கள். தண்ணீர் திட்டுத் திட்டாக விலகாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். மற்ற இடங்களை வார்னிஷால் மூடிவிட்டு, ரோசினை மறுபடி தூவுங்கள். பரப்பில் ஏறக்குறைய பாதியைப் பொடி மூடினால் போதும். அடியிலிருந்து சூடு காட்டி, பொடி நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் நிறுத்துங்கள். கழுத்துப்பட்டையின் வெள்ளையை அரிப்புக்கு முன்பே வார்னிஷால் அடைத்துவிட வேண்டும். அது ஒரு துளி சாம்பலானாலும் அங்கி கறுப்பாகத் தெரியாது. நேரத்தை ஊகிக்காதீர்கள்: துண்டுத் தகட்டில் 2, 5, 10, 20 நிமிடம் எனப் பட்டை போட்டுப் பாருங்கள். கரைசல் குளிர்ந்தாலோ பழசானாலோ கணக்கு மாறும். தகட்டைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் கசடு பள்ளத்தில் படிந்து அரிப்பைத் தடுக்கும். ரோசின் தூசு பறக்கும்போது முகமூடி கட்டாயம், பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது.

பதில் (கல்லச்சு):
டோமியேயின் வக்கீல் வரிசை (1845–48, ‘லெ ஷாரிவாரி’ இதழ்) எட்சிங்கே இல்லை, லித்தோ. கொழுப்புக் கிரேயானால் கல்லில் வரைந்தது. அந்த மெத்தென்ற கறுப்பைச் செம்பில் அப்படியே எடுக்கப் பார்க்க வேண்டாம். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அங்கி முழுக்கக் கறுப்பு கிடையாது, மடிப்புகளைச் சாம்பலில் விட்டு, வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில்தான் அழுத்துவார். செம்பிலேயே முன்மாதிரி வேண்டுமென்றால் ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் ‘தி பெஞ்ச்’ (1758) பாருங்கள். தூங்கி வழியும் நீதிபதி, பெரிய விக், நிழல் முழுக்கக் கோட்டிலேயே. கேலிக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பதில் (ஈரத்தாள்):
30 பிரதி என்பதால் ஒன்று: அக்வாடிண்ட் அச்சேற ஏறத் தேயும், முதலில் போவது மெல்லிய சாம்பல். ட்ரைபாயிண்ட் கோடு (அரிக்காமல் ஊசியால் நேராகத் தகட்டில் கீறுவது) சேர்த்தால் அது இன்னும் சீக்கிரம் மழுங்கும். இந்தப் படத்தில் தவிர்த்துவிடுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை அரை மணி ஊறவைத்து, மேலே பளபளப்பு போகும்வரை ஒற்றி எடுங்கள். ஈரம் கூடினால் மை ஏறாது. அங்கியை மஸ்லினால் அழுத்தித் துடைக்க வேண்டாம், கடைசியாக உள்ளங்கையால் லேசாக. தகட்டு ஓரத்தை 45 பாகைக்கு அராவாவிட்டால் தாள் கிழியும், அச்சு இயந்திரத்தின் ஃபெல்ட் விரிப்பும் வெட்டுப்படும். மேசைமேல் இருக்கும் வழக்குக் கட்டில் எழுத்து இருந்தால் தகட்டில் கண்ணாடி பிம்பமாக எழுதுங்கள். பென்சிலில் இடப்பக்கம் பிரதி எண், 7/30 போல (30இல் ஏழாவது), வலப்பக்கம் கையெழுத்து. கலைஞர் தனக்கென எடுக்கும் பிரதிகளுக்கு ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று தனியாக, பத்து சதவீதத்துக்குள். 30 முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி, அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கேட்டால் காட்டலாம்.