மறு: உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் வெட்டிக்குப் பெயர்

> ‘சுழல்வெட்டி’ போதுமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, சுருக்கம் சரி. ஆனால் ரொட்டவேற்றருக்குச் ‘சுழல்கலப்பை’ ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அது மண்ணைக் கிண்டும். நாங்கள் கைந்நூலுக்குப் பெயர் தேடும் இந்த வெட்டி (rotary cutter) பற்றையையும் புல்லையும் வெட்டுவது, மண்ணைத் தொடவே கூடாது. யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் சுண்ணக்கல் எவ்வளவு மேலே கிடக்கும் என்று தோட்டம் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்தி தாழ்ந்தால் கல் பறக்கும். சுழல்வது எல்லாவற்றிலும் சுழல்கிறது. எதை வெட்டுகிறது என்பதுதான் பெயரில் வரவேண்டும்.

> அப்படியானால் ‘புதர்வெட்டி’?

தமிழகத்துக்குப் பொருந்தும். எங்களுக்குப் ‘புதர்’ புத்தகச் சொல். ஊரில் பற்றை, பேச்சில் பத்தை. 1990இல் போரால் சனம் எழும்பிப்போன வலிகாமம் வடக்குக் காணிகளைத் திரும்பப் பெற்றவர்கள் துப்புரவாக்கியது புதரை அல்ல, பற்றைக்காட்டை. அதனால் ‘பற்றைவெட்டி’ என்கிறேன். தோளில் கொழுவும் சிறியதை வேண்டுமானால் ‘கைப்பற்றைவெட்டி’ என்று பிரித்துக்கொள்வோம்.

(அந்தப் பற்றைக்குள் இடிந்த அத்திவாரம், முட்கம்பி, கட்டில்லாத கிணறு எல்லாம் இருக்கும். முதலில் நடந்து பார்க்கவேண்டும். கண்ணிவெடி அகற்றிக் கையளிக்காத காணி என்றால் நடக்கவும் கூடாது.)

> உறுப்புகளுக்கும் பெயர் தாருங்கள்.

கத்தியிலிருந்து தொடங்குகிறேன். அது இறுக்கிப் பூட்டினதல்ல. ஓராணியில் தளர்வாகத் தொங்கும். சுழலும் வேகத்தில் வெளியே விரிந்து நிற்கும். மரக்குத்தியிலோ கல்லிலோ பட்டால் பின்னுக்கு மடங்கும். ‘மடக்குக்கத்தி’ என்றால் சட்டைப்பைக்குள் வைக்கும் கத்தியாகிவிடும், ஆகவே ‘ஊசற்கத்தி’. சவரக்கத்திபோலத் தீட்டவேண்டியதில்லை, பாரத்தாலும் வேகத்தாலும் அடித்து முறிப்பதுதான் அதன் வேலை.

உழவு இயந்திரத்திலிருந்து வலுவைக் கொண்டுவருவது ‘வலுவெடுப்புத் தண்டு’ (PTO shaft). இலங்கைப் பாடநூல்களில் வலு என்பதைத் தமிழகத்தார் திறன் என்பர், இரண்டையும் பதியலாம். வழமையான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. வாங்கும்போது பார்க்கவேண்டிய பரிவலுவும் (குதிரைத்திறன்) இந்தத் தண்டில் கிடைப்பதே, எஞ்சினில் எழுதியிருப்பது அல்ல. அகலத்தில் அடிக்கு ஏறத்தாழ 5 பரிவலு என்பது கைக்கணக்கு. தண்டில் 20 கிடைக்கும் சிறு இயந்திரத்துக்கு 4 அடி வெட்டி. பின்சில்லுகளின் வெளிவிளிம்பையும் அது மூடவேண்டும், இல்லாவிட்டால் சில்லு மிதித்த புல் வெட்டுப்படாமல் கிடக்கும்.

தண்டோடு சேர்ந்த ஒரு மெல்லிய ஆணி இருக்கிறது. கத்தி இறுகினால் முதலில் அது முறிந்து கியர்பொக்ஸைக் காப்பாற்றும். ‘முறியாணி’ என்று வைத்தால், அடிக்கடி முறிகிறதே என்று கடினமான போல்ற் போடுகிறவர் ஒருகணம் யோசிப்பார்.

> கனடாவில் பலர் ‘புஷ் ஹொக்’ என்றே சொல்கிறார்கள், அது ஒரு கொம்பனியின் பெயர். ஊரிலும் அப்படித்தான் ஆகும் அண்ணை.

ஆகலாம் தம்பி. இருசில்லு உழவு இயந்திரம் எந்தக் கொம்பனியுடையதாக இருந்தாலும் எங்களுக்கு லான்ட்மாஸ்டர்தானே! வாயில் எது நிலைக்கிறதோ நிலைக்கட்டும். கைந்நூலில் எழுத ஒரு சொல் வேண்டும்.

எதிர்ப்பு வராவிட்டால் பற்றைவெட்டி, ஊசற்கத்தி, வலுவெடுப்புத் தண்டு, முறியாணி ஆகிய நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறேன். பாக்கி ஒன்று: கல் பறக்காமல் மறிக்க முன்னும் பின்னும் வரிசையாகத் தொங்கும் சங்கிலிகள். ‘சங்கிலித்திரை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மறைப்புக்குத் தென்னோலைக் கிடுகுத்தட்டி கட்டின ஊரில் ‘சங்கிலித்தட்டி’ இன்னும் இலகுவாக விளங்கும் என்பது என் எண்ணம். மற்றவர்கள் சொல்லுங்கள்.