நைட்ரஸ் ஊட்டு: 'எரி' என்ற சொல் ஏன் கூடாது

காட்பாடியிலிருந்து:

பாடத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் குழுவினருக்கு வணக்கம். திறனைக் கூட்டக் கார் எந்திரத்துக்குள் நைட்ரஸ் ஆக்சைடு (சுருக்கமாக நைட்ரஸ்) செலுத்தும் அமைப்புக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: சிரிப்பு வாயு உட்செலுத்தி, எரிவளி ஊக்கி, வேகவளி. மூன்றாவது விளம்பரத்துக்கு ஆகும், பாடத்துக்கு ஆகாது.

'எரிவளி ஊக்கி'யை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நைட்ரஸ் தானாக எரியாது, இன்னொன்றை எரிய வைக்கும். அதன் எடையில் 36 விழுக்காடு ஆக்சிஜன். காற்றில் எடைக்கணக்கில் 23 விழுக்காடுதான். எந்திரத்தின் உருளைக்குள் (சிலிண்டர்) சுமார் 300 பாகை செல்சியஸ் சூட்டில் நைட்ரஸ் உடைந்து அந்த ஆக்சிஜன் வெளியே வரும். அதற்கு ஈடான பெட்ரோலை நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியக் காற்று 14.7 கிலோ தேவை. நைட்ரஸ் என்றால் 9.6 கிலோ போதும்.

நம் பக்கத்தில் ஆட்டோவுக்கும் ஆம்னிக்கும் 'காஸ் கிட்' மாட்டிப் பழகிய கைகள் நிறைய. 'எரிவளி' என்று சொன்னால் அதையும் எல்பிஜி இனத்தில் சேர்த்துவிடுவார்கள். காஸுக்கு மாற்றினால் பெட்ரோலை நிறுத்துவதுதானே வழக்கம்? அந்தப் பழக்கத்தில் நைட்ரஸைத் திறந்துவிட்டுப் பெட்ரோலைக் கூட்டாமல் விட்டால், கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும், எந்திரம் தட்டும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சொல் தவறினால் பிஸ்டனே போகும் இடம் இது.

'சிரிப்பு வாயு'வும் வேண்டாம். 1799இல் ஹம்ப்ரி டேவி அதை முகர்ந்து ஆராய்ந்தது வேதியியல் வரலாறு. வேலூரில் அந்த வாயு என்றாலே அறுவை அரங்கின் நீலச் சிலிண்டர் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் கார்களுக்கென விற்கும் நைட்ரஸில், யாரும் முகர்ந்துவிடக் கூடாதென்றே சிறிது சல்பர் டை ஆக்சைடு கலக்கிறார்கள். முகராதே என்று நாற்றம் சேர்த்த பொருளுக்குச் சிரிப்பு என்று பெயர் வைப்பானேன்?

என் பரிந்துரை 'நைட்ரஸ் ஊட்டு'. பெட்ரோலையும் நைட்ரஸையும் ஒரே முனையில் சேர்த்துப் பீய்ச்சினால் 'இணையூட்டு'. நைட்ரஸை மட்டும் பீய்ச்சி, கூடுதல் பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே கணினி கொடுத்தால் 'தனியூட்டு'. இவ்விரண்டையும் முறையே ஈரமுறை, உலர்முறை என்று ஆங்கிலத்தைப் பெயர்க்க வேண்டாம். உலர்முறை என்பதிலும் குழாயில் வருவது திரவம்தான். உருளைக்கு ஒரு முனை என்று தனித்தனியே வைத்தால் 'உருளைவாரி ஊட்டு'. எந்திரத்தில் இருப்பதும் சிலிண்டர், டிக்கியில் இருப்பதும் சிலிண்டர் என்று எழுதினால் மாணவர் குழம்புவார். முன்னது உருளை, பின்னது கலன்.

நைட்ரஸை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்கு 'மின்மதகு' சரிவருமா? காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மதகு விளங்கும்.

சொல்லோடு ஒரு செய்தியும் பாடத்தில் வேண்டும். நைட்ரஸின் நிலைமாறு வெப்பநிலை 36.4 பாகை. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. குளிர்நாட்டார் கலனுக்குச் சூடேற்றும் பட்டை சுற்றுகிறார்கள். 40ஐத் தாண்டும் நம் கத்திரி வெயிலில், மூடிய டிக்கிக்குள், ஈரச் சாக்குதான் சுற்ற வேண்டியிருக்கும். அழுத்தம் எகிறும், அடர்த்தி குறையும், போட்ட அளவெல்லாம் பொய்க்கும். 'கலன் சூடேற்றி'க்குச் சொல் தேடுபவர்கள் 'கலன் தணிப்பி'க்கும் சேர்த்துத் தேடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அண்ணே, வணக்கம். ஊட்டு நல்லா இருக்கு. பட்டறையில எல்லாரும் 'நாஸ்'னுதான் சொல்றாங்க, அது ஒரு கம்பெனியோட பேரு. அரைகுறையா மாட்டினா நாசம்னு நீட்டிக்க வேண்டியதுதான்.

மதகுதான் எனக்கு இடிக்குது. மதகைப் பாதி திறக்கலாம், சோலனாய்டைப் பாதி திறக்க முடியாது. திறந்தா முழுசு, மூடினா முழுசு. படிப்படியா ஏத்துற கன்ட்ரோலர்கூட அதை விநாடிக்குப் பல தடவை திறந்து மூடித்தான் அளவு காட்டுது. முனையில போடுற ஜெட்டோட துளைதான் அளவை முடிவு பண்ணும். அதனால 'மின்தாழ்' எப்படி?

இன்னொன்னு, பிளக்குல தீப்பொறி விழுற நேரம், அதான் டைமிங், அதைப் பத்தி ஒரு வரி சேருங்க. 50 குதிரைத்திறன் கூட்டினா சுமார் 2 பாகை பின்னாடி தள்ளுறது வழக்கம். பிளக்கும் குளிர்ந்த ரகமா மாத்தணும். 'குளிர் பிளக்'னு எழுதிடாதீங்க, பையன் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து வருவான். சூட்டைச் சீக்கிரம் உருளைத் தலைக்குக் கடத்துற பிளக், அவ்வளவுதான்.

ஆற்காட்டிலிருந்து:

ஐயா, 'ஊட்டம்' என்றால் சத்துணவு, 'ஊட்டி' என்றால் மலை ரயில். எனவே 'ஊட்டு' என்றே நிற்கட்டும். வெட்டு, அடி போல முதனிலைத் தொழிற்பெயர்; இலக்கணத் தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றிக்கொண்டு வேலூர் கிரீன் சர்க்கிளைச் சுற்ற முடியாது. ஓட்டிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது.

காட்பாடியிலிருந்து:

மின்தாழ் ஏற்கிறேன், மதகைவிடப் பொருத்தம். 'குளிர் பிளக்' பதிலாக 'விரைதணி பிளக்' என்று போட்டிருக்கிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.

மிச்சம் ஒரு சொல். ஊட்டுவதற்கு முன் குழாயில் தேங்கிய ஆவியை வெளியே விட்டு, மின்தாழ் வரை திரவத்தை வரவழைக்கிறோமே, அதற்கு 'தூய்மிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே அழுக்கு ஏது?

ராணிப்பேட்டையிலிருந்து:

டீசல் வண்டி நின்னுட்டா 'ஏர் எடுக்கிறது'ன்னு சொல்றோமில்ல, அதே வேலைதான் அண்ணே. 'ஆவி எடுத்தல்'னு போட்டுடுங்க. எந்தப் பட்டறையிலயும் விளக்கம் கேக்க மாட்டாங்க.