அடிபட்டு விழித்திரை விலகிய கண்ணில் பார்வை எவ்வளவு திரும்பும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பந்து பட்டு என் தம்பிக்கு வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. முதல் நாளே ஓரத்தில் மின்னல் மாதிரி வெளிச்சம், பறக்கும் கரும்புள்ளிகள் என்றான். வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். நான்காம் நாள் கீழிருந்து கறுப்புத் திரை ஏறி நடுப்பார்வையை மூடிவிட்டது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் மட்டும்தான் தெரிந்தது.

விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழ்மத்தை எடுக்கும் அறுவை) செய்து, விழித்திரையை அழுத்திப் பிடிக்கச் சிலிக்கான் எண்ணெய் நிரப்பியிருக்கிறார்கள். விழித்திரை ஒட்டிவிட்டது. ஆனால் நடுப்பார்வைக்கான விழித்திரைப் பகுதியான மாக்குலாவும் விலகியிருந்ததால் பார்வை பற்றி உறுதி சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர்.

அடிபட்ட கண்ணில் பார்வை எவ்வளவு திரும்பும் என்று கணிக்கும் மதிப்பெண் முறையில் (Ocular Trauma Score) போட்டுப் பார்த்தேன். கையசைவுப் பார்வைக்கு 70, விழித்திரை விலகலுக்கு 11 கழித்தால் 59. விழி கிழியவில்லை, கிருமித் தொற்றும் இல்லை, அதனால் அவற்றுக்கான கழிவு இல்லை. மோசமானதிலிருந்து எண்ணினால் ஐந்து பிரிவில் இரண்டாவது. மாக்குலா எத்தனை நாள் விலகியிருந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

இதே நிலையில் இருந்தவர்களே, எத்தனை மாதம் வரை பார்வை கூடிக்கொண்டே வந்தது? எண்ணெயை எடுத்தபின் தெளிவு வந்ததா? தழும்புச் சவ்வு வளர்ந்து மறுபடி விலகியவர்கள் யாராவது இருந்தால், முதலில் என்ன தெரிந்தது? விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி (OCT) ஸ்கேனில் எதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். இந்த முறை எதையும் தள்ளிப்போட மாட்டோம்.