மறுநான் செத்தானா, செத்தேனா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவருக்குள் இருக்கும் இன்னொரு ஆளைக் குறிக்கும் 'ஆல்டர் ஈகோ'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் ஒரே ஒரு பாத்திரத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். கிரீன் டே என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 2004-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் இடியட்' இசைத்தொகுப்பில் வரும் செயின்ட் ஜிம்மி.

கதை தெரியாதவர்களுக்காக: புறநகர் வாழ்க்கை வெறுத்துப்போன ஒரு பையன், 'புறநகரின் இயேசு' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன், வீட்டைவிட்டு நகரத்துக்கு ஓடுகிறான். அங்கே போதையும் வெறியுமாக ஜிம்மி முளைக்கிறான். தெருவில் சேர்ந்த கூட்டாளி போல என்றுதான் முதலில் நினைப்போம். 'லெட்டர்பாம்' பாட்டில் காதலி போட்டு உடைக்கிறாள்: ஜிம்மி என்று தனியே ஒருவன் இல்லை. 'ஹோம்கமிங்' பாட்டின் முதல் பகுதியிலேயே ஜிம்மி தற்கொலை செய்துகொள்கிறான். பையன் சாகவில்லை, அதே பாட்டின் கடைசிப் பகுதியில் ஊர் திரும்புகிறான்.

ஆக, நமக்கு வேண்டியது சாகக்கூடிய ஒரு சொல். மாறுவேடத்தைக் கலைக்கலாம், கொல்ல முடியாது. 'மறுமுகம்' அப்படியே. 'மாற்று ஆளுமை' என்றால் ஏதோ சிற்றிதழ் எழுத்தாளருக்குப் பாராட்டு விழா மாதிரி இருக்கிறது. ஆளுமை என்ற சொல்லை அந்த அளவுக்குத் தேய்த்துவிட்டோம். 'மாற்றான்' பகைவன். 'நிழலாள்' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நிழல் பின்னால் வரும், ஜிம்மி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போகிறவன். போதாக்குறைக்கு, மனத்தின் மறைந்த பகுதிக்கு உளவியலாளர் யுங் சொன்ன 'நிழல்' வேறு குறுக்கே நிற்கிறது.

என் பரிந்துரை: மறுநான். லத்தீனில் ஈகோ என்றால் வெறும் 'நான்'தான். "அவனுக்கு ரொம்ப ஈகோ" என்று பேசிப்பேசி நாம்தான் அதை அகந்தை ஆக்கிவிட்டோம். மறுகரை, மறுபக்கம் என்பதில் உள்ள 'மறு'வோடு, மறுத்தலும் காதில் விழுகிறது. கலகக்காரனுக்கு இரண்டும் பொருந்தும்.

குறை இல்லாமல் இல்லை. என் கைப்பேசி ஒவ்வொரு முறையும் அதை 'மறுநாள்' என்று திருத்துகிறது. சரி, அதைப் பழக்கிவிடலாம். பெரிய சிக்கல் வினைமுற்றில். "மறுநான் செத்தான்" என்று எழுதினால் இடறுகிறது. 'நான்' என்றால் 'செத்தேன்' அல்லவா?

இசைத்தட்டில் பையனுக்கும் ஜிம்மிக்கும் குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் ஒரே குரல். அங்கே 'செத்தேன்' சரி. 2010-இல் இது இசை நாடகமாக நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குப் போனபோது பையனாக ஒருவர், ஜிம்மியாக வேறொருவர் நடித்தார்கள். சில நாள் நிகழ்ச்சிகளில் ஆம்ஸ்ட்ராங்கே ஜிம்மியாக வந்தார். மேடைக்கு 'செத்தான்'தான்.

நான் 'செத்தான்' பக்கம். பெயர்ச்சொல் ஆனபின் அது படர்க்கைதானே? இலக்கணம் கற்றவர்கள் சொல்லுங்கள். இப்படி ஒரே கருவைச் சுற்றி அமைந்த இசைத்தொகுப்பைக் குறிக்கும் 'கான்செப்ட் ஆல்பம்' பற்றித் தனி இழையில் பேசலாம். அதைக் 'கதைத்தொகுப்பு' என்றால் சிறுகதைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.